முழங்கை வலியும் இயன்முறை மருத்துவமும்



நம் உறுப்புகளுள் கையைப் போல ஓயாது உழைப்பது வேறொன்று இல்லை. எழுதுவதும், துணி பிழிவதும், மாவு பிசைவதும், பளு தூக்குவதும், வீணை மீட்டுவதும் கையின் தொழில்களே. அக்கையின் நடுவே, கதவுக்குக் கீல் போல அமைந்திருப்பது முழங்கை மூட்டு. அது செம்மையாக இயங்கும்வரை அப்படி ஒரு மூட்டு இருப்பதையே நாம் நினைப்பதில்லை. ஒரு நாள் தண்ணீர் நிறைந்த செம்பைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கத்தில் சுரீரென்று ஒரு வலி தோன்றுகிறது. மறுநாள் குழாயைத் திருகும்போதும் அதே வலி. சில வாரங்களில் பேனாவைப் பிடிப்பதும் துன்பமாகிவிடுகிறது. இவ்வலி எதனால் வருகிறது? இயன்முறை மருத்துவம் இதனை எவ்வாறு போக்குகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பிசியோதெரபி என்று பலரும் வழங்குவதையே தமிழில் இயன்முறை மருத்துவம் என்கிறோம். அளவான பயிற்சியாலும், கைத்திறனாலும், வெப்பம், மின்சாரம் முதலிய ஆற்றல்களாலும் உடலின் அசைவையும் வலிமையையும் மீட்டுத் தருவது இக்கலை. ஸ்வீடன் நாட்டில் பெர் ஹென்றிக் லிங் என்பவர் 1813-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு பயிற்சி நிலையம் நிறுவி, மருத்துவத்துக்கு உதவும் உடற்பயிற்சிகளை முறைப்படுத்தினார். இங்கிலாந்தில் 1894-ஆம் ஆண்டு செவிலியர் நால்வர் கூடி இத்தொழிலுக்கென ஒரு சங்கம் கண்டனர். நம் நாட்டில் 1950-களின் தொடக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கெனப் பள்ளி தோன்றியது. இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய குழந்தைகளை நடக்கச் செய்யவேண்டிய தேவையே அதற்குத் தூண்டுதலாக இருந்தது.

நான் சென்னை வடபழனியில் இம்மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டவன். வடபழனி என்றதும் முருகன் கோயில் உங்கள் நினைவுக்கு வரும். அடுத்துத் திரைப்படம் நினைவுக்கு வரும். 1940-களின் இறுதியில் ஏ.வி.எம். நிறுவனம் காரைக்குடியிலிருந்து இப்பகுதிக்கு வந்தது. விஜயா-வாகினி படப்பிடிப்பு நிலையமும் இங்கேயே புகழோடு விளங்கியது. அதனை நடத்திய பி. நாகி ரெட்டி 1972-ஆம் ஆண்டு இங்கு ஒரு மருத்துவமனையையும் தொடங்கினார். பழைய படப்பிடிப்புத் தளங்கள் பல மறைந்துவிட்டன. ஆயினும் அத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் இன்றும் பல. அரங்கம் அமைக்கும் தச்சர், விளக்குகளைத் தூக்கி நிறுத்துவோர், உடை தைப்போர், இசைக்கருவி வாசிப்போர் ஆகியோரும், தெருமுனையில் இஸ்திரி போடுவோரும், உணவகங்களில் மாவு பிசைவோரும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் முழங்கை வலியோடு என்னிடம் வருகின்றனர். இவர்கள் கொண்டுவரும் மருத்துவச் சீட்டில் 'டென்னிஸ் எல்போ' என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, "நான் டென்னிஸ் மட்டையைக் கண்ணால் கண்டதுகூட இல்லையே!" என்று வியப்பவர் பலர்.

அவர்கள் வியப்பதில் தவறில்லை. இப்பெயரே பொருத்தமற்ற பெயர். 1873-ஆம் ஆண்டு ரூங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோயை முதன்முதலாக விளக்கி எழுதினார். அவர் அதனை எழுதியது விளையாட்டைப் பற்றிய கட்டுரையில் அன்று. எழுதுவோரின் கையில் உண்டாகும் பிடிப்பைப் பற்றிய கட்டுரையில். புல்தரை டென்னிஸ் ஆட்டத்துக்கு இங்கிலாந்தில் விங்ஃபீல்டு என்பவர் உரிமம் பெற்றதோ அதற்கு அடுத்த ஆண்டான 1874-இல்தான். அவ்வாட்டம் செல்வர்களிடையே பரவியபின், 1880-களின் தொடக்கத்தில் ஆங்கில மருத்துவ இதழ்கள் அதன் பெயரை இந்நோய்க்குச் சூட்டின. எழுத்தர் கையில் கண்ட நோய் ஆட்டக்காரர் பெயரைப் பெற்றது. வயது வந்தோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் டென்னிஸ் ஆடுவோர் மிகச் சிறு பகுதியினரே. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களையே இது பெரிதும் பற்றுகிறது.

இனி, கையின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். மேற்கையில் ஓர் எலும்பும் முன்கையில் இரண்டு எலும்புகளும் உள்ளன. மேற்கை எலும்பின் கீழ்நுனியில், வெளிப்பக்கம் ஒன்றும் உட்பக்கம் ஒன்றுமாக இரண்டு முகடுகள் உண்டு. விரலால் தடவினால் தட்டுப்படும். மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தும் தசைகள் வெளிமுகட்டிலிருந்தும், கீழ்நோக்கி மடக்கும் தசைகள் உள்முகட்டிலிருந்தும் புறப்படுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான வெண்ணிற இழைக்கற்றைக்குத் தசைநாண் என்று பெயர். வெளிமுகட்டில் உள்ள தசைநாண் பழுதுறுவதே நாம் பேசும் நோய்.

பொருளைப் பற்றுவன விரல்கள். மடக்குவன உட்புறத் தசைகள். அவ்வாறிருக்க, வெளிப்புறத் தசைநாண் பழுதுறுவது ஏன்? இதற்கு விடை காண ஒரு சிறு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். வலது முன்கையை உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க மேசைமேல் வையுங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் மேற்புறத்தில் இடக்கை விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வலக்கையை இறுக மூடுங்கள். இடக்கை விரல்களுக்கு அடியில் தசை திரண்டு கல்லைப் போல இறுகுவதை உணர்வீர்கள். அடுத்து, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முற்றிலும் மடக்கிக்கொண்டு மீண்டும் கையை மூட முயலுங்கள். முன்போல் இறுக மூட முடியாது.

இச்சோதனை உணர்த்துவது யாது? விரல்களை மடக்கும் தசைகள் இழுக்கும்போது, மணிக்கட்டும் கூடவே மடங்கிவிடப் பார்க்கிறது. மடங்கினால் பிடி தளரும். ஆதலின் வெளிப்புறத் தசைகள் எதிர்த்திசையில் இழுத்து, மணிக்கட்டை நிலைநிறுத்துகின்றன. கூடாரத்தின் கம்பம் ஒருபக்கம் சாயாதிருக்க மறுபக்கத்தில் கயிறு கட்டி இழுப்பதைப் போன்றது இது. நாம் எதைப் பற்றினாலும் வெளிப்புறத் தசைநாணும் உழைத்தே தீரவேண்டும். உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க ஒரு பொருளைத் தூக்கினால் அதன் சுமையும் இத்தசைநாணையே சேர்கிறது. நாள்தோறும் ஆயிரம் முறை திருப்புளியைத் திருகும் தச்சருக்கும், கனத்த கத்தரிக்கோலை இயக்கும் தையற்காரருக்கும், வாளித் துணியைப் பிழிந்து போடும் பெண்ணுக்கும் இந்நோய் வரும் காரணம் இப்போது விளங்கும்.

தசைநாணில் நிகழ்வது என்ன? நெடுங்காலம் மருத்துவர்கள் இதனை அழற்சி என்றே கருதினர். அழற்சி என்றால் சிவந்து, வீங்கி, சூடேறும் நிலை. 1979-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷலும் அவருடைய துணை ஆய்வாளரும் அறுவையின்போது எடுத்த திசுக்களை ஆராய்ந்து வெளியிட்ட செய்தி இக்கருத்தை மாற்றியது. நாட்பட்ட நோயாளிகளின் தசைநாணில் அழற்சிக்குரிய உயிரணுக்கள் மிகுதியாக இல்லை. ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய கொல்லாஜன் இழைகள் சிதைந்து, முறையின்றிக் கிடந்தன. நன்கு முறுக்கிய தேங்காய் நார்க் கயிற்றையும், நைந்து பிரிபிரியான கயிற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படும். ஆனால் கயிற்றுக்கும் தசைநாணுக்கும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. நைந்த கயிறு தானே சீர்படாது. தசைநாண் உயிருள்ள பொருள். தன்மேல் அளவான இழுவிசை விழும்போது அது புதிய இழைகளைச் செய்து, அவ்விசையின் திசையிலேயே அடுக்கிக்கொள்ளும் ஆற்றல் உடையது. இயன்முறை மருத்துவம் செய்வதெல்லாம் இவ்வாற்றலுக்கு வழிகாட்டுவதே.

இந்நோயை அறிவது கடினமன்று. வெளிமுகட்டின்மேல் அழுத்தினால் வலிக்கும். முழங்கையை நீட்டியபடி மணிக்கட்டை உயர்த்தச் சொல்லி, நான் அதனைக் கீழே அழுத்தினால் வலிக்கும். நடுவிரலை உயர்த்தச் சொல்லி அழுத்தினாலும் வலிக்கும். பெரும்பாலும் எக்ஸ்-கதிர்ப் படமும் தேவைப்படுவதில்லை. ஆனால் முழங்கையில் வலிப்பதெல்லாம் இந்நோய் என்று முடிவுகட்டிவிடலாகாது. விரல்கள் மரத்துப்போனாலும், கழுத்தைத் திருப்பும்போது வலி கையில் இறங்கினாலும், கோளாறு கழுத்து நரம்பில் இருக்கலாம். கீழே விழுந்தபின் வீங்கினாலும், மூட்டு சிவந்து காய்ச்சல் கண்டாலும், கையை மடக்கவோ நீட்டவோ இயலாமற் போனாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். படப்பிடிப்பு அரங்கம் அமைக்கும் தச்சர் ஒருவர் என்னிடம் வந்தார். வலி தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. "சார், ஊசி ஒன்று போட்டுக்கொண்டால் உடனே சரியாகிவிடும் என்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். நாட்கூலி பெறுபவருக்கு இது வெறும் மருத்துவக் கேள்வி அன்று. வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்வி. ஆகவே எனக்குத் தெரிந்த உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருந்தது.

அவர் குறித்தது ஸ்டீராய்டு ஊசியை. அதன் பயனை அளந்து பார்த்த ஆராய்ச்சிகள் உள்ளன. நெதர்லாந்தில் 185 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. அவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஊசியும், ஒரு பிரிவுக்கு இயன்முறை மருத்துவமும் அளித்தனர். மற்றொரு பிரிவினரைத் தக்க அறிவுரையோடு காத்திருக்கச் செய்தனர். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களுள் நூற்றுக்கு 92 பேர் நலமுற்றிருந்தனர். இயன்முறை மருத்துவம் பெற்றவர்களுள் 47 பேர். காத்திருந்தவர்களுள் 32 பேர். இத்துடன் ஆய்வை நிறுத்தியிருந்தால் ஊசியே வென்றது என்று முடிவு செய்திருப்பார்கள். ஓர் ஆண்டு சென்று மீண்டும் பார்த்தனர். இயன்முறை மருத்துவம் பெற்றவர்களுள் 91 பேர் நலமாக இருந்தனர். காத்திருந்தவர்களுள் 83 பேர். ஊசி போட்டவர்களுள் 69 பேரே. முதலில் முந்தியது முடிவில் பிந்திவிட்டது.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் 198 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. அங்கு ஊசியால் முதலில் குணமடைந்தவர்களுள் நூற்றுக்கு 72 பேர் பின்னர் மீண்டும் நோயுற்றனர். அந்நகரிலேயே 165 பேரைக் கொண்டு நடத்திய வேறோர் ஆய்வு 2013-இல் வந்தது. ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களுள் நூற்றுக்கு 54 பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. மருந்தில்லாப் போலி ஊசி பெற்றவர்களுள் 12 பேருக்கே திரும்பியது.

இதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம்? ஸ்டீராய்டு மருந்து தசைநாணின் உயிரணுக்கள் புதிய இழை செய்யும் வேலையை மந்தப்படுத்தவல்லது. அன்றியும், வலி மறைந்ததும் தசைநாண் சீராகிவிட்டது என்று எண்ணி நோயாளி பழைய சுமையை உடனே ஏற்றிவிடுகிறார். வலி தணிவது வேறு, வலிமை திரும்புவது வேறு என்பதை இவ்வாய்வுகள் எண்களால் மெய்ப்பிக்கின்றன.

இன்னோர் உண்மையையும் நான் மறைக்கலாகாது. காத்திருந்தவர்களிலும் பெரும்பாலோர் ஓராண்டில் நலம் பெற்றனர் அல்லவா? அப்படியானால் இயன்முறை மருத்துவம் எதற்கு? இடைப்பட்ட மாதங்களைக் கருதித்தான். பிரிஸ்பேன் ஆய்வில், முதல் ஆறு வாரத்தில் இயன்முறை மருத்துவம் பெற்றவர்கள் காத்திருந்தவர்களைவிட நன்கு தேறினர். வேறு மருந்துகளை நாடுவதும் குறைந்தது. ஓராண்டு காத்திருக்க வசதியுள்ளவர் சிலர். கையை நம்பிப் பிழைப்பவருக்கோ ஒவ்வொரு வாரமும் பொருட்டு.

சிகிச்சையின் முதற்படி, கைக்கு முழு ஓய்வு தருவது அன்று, சுமையை மாற்றுவது. முற்றிலும் அசையாது வைத்த கை மேலும் நலிவடையும். ஆகவே, உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பொருளைத் தூக்கவேண்டும். கனத்த பொருளை உடலை ஒட்டி இரு கையாலும் எடுக்கவேண்டும். துணியைப் பிழியாமல் கொடியில் வடியவிடவேண்டும். கருவியின் பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றிப் பருமனாக்கிக்கொள்ள வேண்டும். முன்கையில் கட்டும் பட்டை சிலருக்கு வேலை நேரத்தில் உதவும். அதுவே மருத்துவம் ஆகிவிடாது.

இரண்டாம் படி, அசையாப் பயிற்சி. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை மேலே உயர்த்த முயலவேண்டும். மற்றொரு கையால் அதனை அசையவிடாமல் தடுக்கவேண்டும். முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி வரை இவ்வாறு நிறுத்தி, சற்று ஓய்ந்து, ஐந்து முறை செய்யலாம்.

மூன்றாம் படியே சிகிச்சையின் உயிர்நாடி. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை மேசை விளிம்புக்கு வெளியே விடவேண்டும். கையில் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று. அதன் எடை ஏறக்குறைய 500 கிராம். மற்றொரு கையின் துணையால் மணிக்கட்டை மேலே உயர்த்தி, துணையை விலக்கி, நான்கு எண்ணும்வரை மெல்லக் கீழே இறக்கவேண்டும். பத்து முதல் பதினைந்து முறை செய்து, சற்று ஓய்ந்து, அதுபோல் மூன்று சுற்று. எளிதாகத் தோன்றும்போது எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். பின்னர்ச் சுத்தியலைப் பிடித்து முன்கையை இருபுறமும் திருப்பும் பயிற்சியும், தோளை வலுவாக்கும் பயிற்சியும் சேரும்.

"வலித்தால் செய்யலாமா?" என்று எல்லோரும் கேட்பர். வலியைப் பத்துப் பங்காக எண்ணிக்கொண்டால், நான்கைத் தாண்டாத வலி தீங்கன்று. மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிடவேண்டும். தணியாவிட்டால் எடை மிகுதி என்பது பொருள். இப்பயிற்சி எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை நடக்கவேண்டும். மின்கருவிகளால் தரும் ஒத்தடமும் அதிர்வும் இதமாக இருக்கலாம். ஆயினும் பயிற்சியின் இடத்தை அவை நிரப்புவதில்லை. நோயாளி படுத்திருக்க, கருவி மட்டும் உழைத்தால் தசைநாணுக்கு இழுவிசை எங்கிருந்து கிடைக்கும்?

உலகின் சிறந்த மருத்துவ வசதிகள் கிடைத்தவர்க்கும் காலம் என்னும் விலையைக் கொடுக்காமல் தீர்வதில்லை என்பதற்குச் சச்சின் டெண்டுல்கரே சான்று. 2004 ஆகஸ்டில் நெதர்லாந்தில் ஆடச் சென்றபோது அவருடைய இடது முழங்கையை இந்நோய் பற்றியது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது முழங்கையில் வருவானேன் என்று கேட்பீர்கள். கிரிக்கெட் மட்டையின் பிடியில் மேலே இருப்பது இடக்கை. கனத்த மட்டையை உயர்த்தி ஆள்வதில் அதற்கே பெரும்பங்கு. அவ்வாண்டு அக்டோபரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் அவர் இடம்பெறவில்லை. பிறகு ஆடத் தொடங்கியும் தொல்லை தீராமையால், 2005 மே மாதம் லண்டனில் அறுவை செய்துகொண்டார். அதன்பின்னும் அக்டோபர் மாதம்தான் பன்னாட்டு ஆட்டத்துக்கு மீள முடிந்தது. டிசம்பரில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடினார். அம்மாதம் 10-ஆம் நாள் டெல்லியில் தம் 35-ஆவது டெஸ்ட் சதத்தை அடித்து, கவாஸ்கரின் சாதனையைக் கடந்தார். அறுவையும் குறுக்குவழி அன்று. இந்நோயுற்றவர்களுள் பெரும்பாலோருக்கு அது தேவையும் இல்லை.

என்னிடம் வந்த தச்சர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சுத்தியலையும் திருப்புளியையும் சிறிது காலம் உடன் வேலை செய்பவரிடம் விட்டுவிட்டு, அளவெடுப்பதும் குறியிடுவதுமான வேலைகளை ஏற்றார். கூலி குறைந்தது, அதனை அவர் மனைவி தையல் வேலையால் ஒருவாறு ஈடுசெய்தார். நாள்தோறும் தண்ணீர்ப் புட்டியோடு பயிற்சி செய்தார். மூன்று மாதத்தில் மீண்டும் சுத்தியல் பிடித்தார். அம்மூன்று மாதம் அவருக்கு எளிதாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். இது தசைநாணின் இழைகள் சிதைவதால் வரும் நோய். அவ்விழைகளைச் சீராக்குவது படிப்படியாகக் கூட்டும் அளவான சுமை. விரைவில் வலியை அடக்குவது எல்லாம் நோயைத் தீர்ப்பது ஆகாது. உங்கள் வயதில் இந்நோய் அரிது; உங்கள் பெற்றோர் வயதே இதற்குரிய வயது. தேங்காய் துருவும்போதோ, குடத்தை இறக்கும்போதோ உங்கள் அன்னையார் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்பதைக் கண்டால், அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள். அக்குடத்தை வாங்கி வையுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு என்பதை எடுத்துச் சொல்லி, ஒரு நாள் உடன் அழைத்துச் செல்லுங்கள்.